பாரம் குறைந்த சக்கரம்

அவசியமில்லாத ஒன்றுக்காக ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம்? அவசியமானவற்றை நாம் செய்யும்போது பாதி வேலையைச் சூழ்நிலையே செய்துவிடுகிறது. பசி வேலைக்கு அனுப்புகிறது, வாடகை விடிய முன்னர் எழுப்பிவிடுகிறது. அவற்றில் எமது விருப்பம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது கொஞ்சம்தான். இல்லாவிட்டாலும் எதுவும் கெட்டுப்போகாத ஒரு பொருளை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதைப் பிடிவாதம் என்பதா, சுதந்திரம் என்பதா? டூங்கபி என்ற புறநகரில் வசிக்கும் நேசமலரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்பதுபோலவே எனக்குத் தோன்றியது. இப்படியொரு கேள்வி இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். அவரிடம் ஒரு கார் இருந்தது. அதற்கு ஒரு கிளச் இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

நேசமலருக்கு ஐம்பத்து மூன்று வயது. பரமட்டாவைச் சுற்றி ஓடும் பஸ்களில் ஒன்றை ஓட்டுகிறார். அந்த பஸ்கள் எல்லாம் ஓட்டோமற்றிக். கியர் தானாக மாறும். வலது கால் வேகத்தையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ள, மிதிக்கக் கிளச் இல்லாததால் இடது காலுக்கு வேலை இல்லை. "இந்தக் கால் ரிக்கெட் எடுக்காமல் வாற ஆள்" என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார். அவர் அபூர்வமான ஓட்டுநர் அல்ல. ஆட்கள் உட்காருவதற்கு முன்னரே பஸ்ஸை எடுத்துவிடுகிறார் என்று அவர்மேல் முறைப்பாடுகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில நியாயமானவை. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பஸ்ஸுக்கு வருவதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினார், பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்தார். இந்த நகரத்தில் இப்படி வாழ்ந்தவர்கள் ஏராளம். அவரைத் தனியாக எழுத வைப்பது அவருடைய கார்தான்.

அது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட, ஜப்பானில் செய்யப்பட்ட கரும்பச்சைக் கார். கூரையை மடக்கலாம். இருக்கைகள் இரண்டே இரண்டு. ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாகனத்தைக் கற்பனை செய்வது கடினம். மகள் படித்து முடித்து மெல்பேர்னுக்கு வேலைக்குப் போன பின்னர், பிளாக்டவுனில் ஓய்வுபெற்ற ஒரு பெண்ணிடமிருந்து நேசமலர் அதை வாங்கினார். அன்று முதல் உறவினர்களுக்கு அது ஒரு வேடிக்கை. வென்ட்வேர்த்வில் கடைகளில் சாமான் வாங்கினால் அரிசி மூட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டுக் கொண்டு வருவார். கணவர் வரதராஜாவும் கூடப் போனால் மூட்டை அவருடைய மடியில் இருக்கும்.

வரதராஜா பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். ரயிலில் போய் ரயிலில் வருகிறவர். கோயிலில் சனிக்கிழமைகளில் தொண்டு செய்பவர். நிதானமான மனிதர். அவருக்கு அந்தக் காரின்மேல் வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது, அதைப் பற்றிய பயம்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும்வரை அவர் பேசாமல் இருந்தார்.

காரணம் இரண்டு தவணையில் வந்தது. முதலாவது, டிப்போவில் பஸ் கழுவும் இடத்தில் நேசமலர் வழுக்கி விழுந்து இடது முழங்காலைப் பிரட்டிக்கொண்டது. சத்திர சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்தவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: காலால் அழுத்துவதில் பிழையில்லை, அழுத்தியபடியே நெடுநேரம் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கூடாது. பஸ் ஓட்ட இடது கால் வேண்டியதில்லை என்பதால் வேலைக்கு ஆபத்து வரவில்லை. காருக்குத்தான் வந்தது.

இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, டூங்கபியில் ஒரு மேட்டில் சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில் நடந்தது. பச்சை விழுந்ததும் நேசமலர் வழமைபோல் காரை எடுத்தார். எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். உறுமல் கூடியது, எரிந்த நாற்றம் உள்ளே வந்தது, கார் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் ஏணிகள் கட்டிய ஒரு பிக்கப் வாகனம் ஹோர்னை அழுத்தியபடி நின்றது. நேசமலர் ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். இரண்டு வாகனங்களுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம்கூட இருக்கவில்லை. வரதராஜா மடியில் இருந்த மரக்கறிப் பையை அப்படியே கட்டிப் பிடித்தபடி இருந்தார்.

இழுத்துச் செல்லும் லொறி வரும்வரை இருவரும் யாரோ ஒருவருடைய வீட்டு மதிலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் வரதராஜா பேசினார். அவர் கத்தவில்லை. முழங்காலைச் சொன்னார், மேட்டைச் சொன்னார், வயதைச் சொன்னார். ஓட்டோமற்றிக் காரொன்று வாங்கலாம் என்றார். எல்லாம் சரியான நியாயங்கள். நேசமலர் அன்று அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுவே ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"கிளச் தேஞ்சு போச்சு. மாத்தினால் சரி" என்றார்.

வரதராஜா, மாற்றுவதென்றால் மாற்றட்டும், ஆனால் மாற்றிய பின் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசை செய்து, தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்து அதன்மேல் ஏற்ற வேண்டும் என்றார். புது வாகனத்துக்குச் செய்வதுதான். பெரிய திருத்தம் செய்த வாகனத்துக்கும், விபத்தில் தப்பிய வாகனத்துக்கும் செய்கிறவர்கள் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய். அவற்றை நசித்துக்கொண்டு வண்டி முன்னே போனால் கண்ணூறு கழிந்தது என்று அர்த்தம்.

"ஏத்தேக்க நிண்டுதெண்டால் வித்துப்போடுவம். நான் பகிடிக்குச் சொல்லேல்லை, மலர். உமக்கு அது சம்மதமோ?"

"ஓம்" என்றார் நேசமலர்.

வரதராஜாவுக்கு இது பந்தயம் அல்ல. தன்னால் தீர்க்க முடியாத ஒரு விடயத்தை அவர் தான் நம்பும் இடத்தில் ஒப்படைத்தார். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு வசதியும் இருக்கிறது. மனைவியிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் பொறுப்பு இனி அவருடையது அல்ல.

கார் கிரவீனில், தொழிற்சாலைகளுக்கு இடையில் ஓர் ஒழுங்கையில் இருந்த யோகேஸ்வரனின் கராஜுக்குப் போனது. யோகேஸ்வரன் படகில் வந்தவர். பத்து வருடங்களுக்கு மேலாகத் தற்காலிக விசாக்களைப் புதுப்பித்துக்கொண்டு இங்கே இருக்கிறார். வாயாடி. வேலையில் கெட்டிக்காரர், சொன்ன நாளில் முடிப்பதில் அல்ல. நேசமலர் தேடிப் போனபோது கியர்பொக்ஸ் நிலத்தில் கிடந்தது. யோகேஸ்வரன் தட்டையான ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தைக் காட்டினார். அதன் முகத்தில் எண்ணெய் படிந்த நீர்போல நீலத் திட்டுகள் இருந்தன. நகத்தால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய வெடிப்புகளும் இருந்தன.

அதுதான் பிளைவீல். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பாரமான சக்கரம். கிளச் தட்டு அதன் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்போதுதான் எஞ்சினின் பலம் காரின் சக்கரங்களுக்குப் போகிறது. அந்தப் பாரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு தரம் சுழலத் தொடங்கினால் அது எளிதில் நிற்காது. ஓட்டுநரின் கால் கொஞ்சம் தவறினாலும் அந்தச் சுழற்சி எஞ்சினை அணையவிடாமல் இழுத்துக்கொண்டு போகும். அதே பாரம்தான் எஞ்சினை மந்தமாக்குவதும். ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். பாரத்தைக் குறைத்தால் எஞ்சின் உடனே ஏறும், உடனே இறங்கும். காலின் தவறை மூடி மறைக்க அப்போது எதுவும் இருக்காது.

பழைய சக்கரத்தைக் கடைந்து எடுக்க முடியாது, வெடிப்பு ஆழம் என்றார் யோகேஸ்வரன். ஆகவே புதிதாக ஒன்று வாங்க வேண்டும். வாங்குவதென்றால் தெரிவு செய்ய வேண்டும். காரோடு வந்ததைப் போன்ற எட்டுக் கிலோச் சக்கரம் ஒன்று. அதன் பாரத்தில் பாதிக்குச் சற்று மேலான உருக்குச் சக்கரம் ஒன்று. அதைவிடவும் பாரம் குறைந்த அலுமினியச் சக்கரம் இன்னொன்று. மூன்றாவது ஓட்டப் பந்தயக்காரருக்கு, அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். கிளச்சிலும் இதே கதை. சாதாரணமானது, பாரமான அழுத்தம் உள்ளது, 'பட்டன்' என்று பெடியங்கள் சொல்கிற, முகத்தில் துண்டு துண்டாக உலோகம் வைத்தது. பட்டன் கிளச்சுக்கு இடைநிலை கிடையாது. பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும்.

"வாங்கிப் போட்டுட்டு வென்ட்வேர்த்வில் லைட்டடியில தவளை மாதிரிப் பாய்வினம், அக்கா. பிறகு என்னட்டைத்தான் கழட்ட வருவினம்" என்றார்.

அவருடைய ஆலோசனை, காரோடு வந்ததைப் போலவே ஒரு பாரமான சக்கரம், சாதாரணக் கிளச். தெருவில் ஓடும் காருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

நேசமலர் எல்லாவற்றையும் மிதித்துப் பார்க்க வேண்டும் என்றார். கராஜில் பாரமான அழுத்தத்தோடு கிளச் போட்ட ஒரு கார் நின்றது. அதில் ஏறி இருந்து மிதித்தார். முழுக்க மிதித்து, பிடித்துப் பார்த்தார். முழங்கால் நடுங்கத் தொடங்கியதை யோகேஸ்வரனும் கண்டார். நேசமலர் இறங்கி, அந்தக் காரின் கதவைச் சாத்தினார். கிளச்சுக்கான தெரிவு அதோடு முடிந்தது. சாதாரணமானது, மென்மையான மிதி.

சக்கரத்துக்கான தெரிவு அவ்வளவு இலகுவாக முடியவில்லை. யோகேஸ்வரன் தன்னுடைய சொந்தக் காரில் பாரம் குறைந்த உருக்குச் சக்கரத்தைப் போட்டிருந்தார். நேசமலர் சாவியைக் கேட்டார். ஒழுங்கையைச் சுற்றி ஓட்டிவந்தார். புறப்படும்போது இரண்டு தரம் நின்றுபோனது. யோகேஸ்வரன் கதவடியில் நின்று கைதட்டினார். திரும்பி வந்த நேசமலர் எஞ்சினை அணைக்காமல் அப்படியே இருந்தார். கால் நுனியால் சற்றே தொட்டார், எஞ்சின் ஏறியது. எடுத்தார், இறங்கியது. இடையில் எந்தத் தயக்கமும் இல்லை.

அவர் கண்டுபிடித்தது இதுதான். பாரமான சக்கரத்தில் கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் இறங்குவதற்காகக் கிளச்சை மிதித்தபடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் முழங்காலில் நோகிறது. பாரம் குறைந்த சக்கரத்தில் காத்திருப்பு இல்லை. மிதி, மாற்று, விடு. சரியான கணிப்பு. ஆனால் புறப்படும் இடத்தில் அதற்கு எதிரான கணக்கும் இருந்தது. பாரம் குறைந்த சக்கரத்தோடு மெல்லப் புறப்படுவதென்றால் பாதியில் பிடித்த காலை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். அதுவும் முழங்காலுக்குத்தான். இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஏறக்குறையச் சமன். முழங்காலுக்காக அவர் அதைத் தெரிவு செய்தார் என்பது முழு உண்மையாக இருக்க முடியாது.

யோகேஸ்வரன் காரணம் கேட்டபோது அவர் வேறொன்றைச் சொன்னார்.

"பஸ் நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டு யோசிச்சுத்தான் செய்யும், தம்பி. நாள் முழுக்க அதோடதான். இது யோசிக்கக் கூடாது."

அதன் பிறகுதான் அவர் கோயில் விடயத்தையும் சொன்னார். தேசிக்காய், வரதராஜாவின் நிபந்தனை, தான் சொன்ன 'ஓம்'. யோகேஸ்வரன் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்தவர், அதைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"அக்கா, தேசிக்காய் ஏத்திறதெண்டால் ஊர்ந்துதான் போகவேணும். சுத்திவரச் சனம் நிக்கும், ஐயர் நிப்பார், உறுமிப்போட்டுப் பாயேலாது. இந்தச் சக்கரத்துக்கு வராதது அந்த ஒண்டுதான்."

"தெரியும்."

"பாரமானதைப் போடுறன். பூசை முடியட்டும். பிறகு கொண்டுவாங்கோ, மாத்தித் தாறன்."

அது நல்ல யோசனை. ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. கோயிலுக்கு எந்தச் சக்கரத்தோடு வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நேசமலர் ஒரு நிமிடம் நிலத்தில் கிடந்த நீலத் திட்டுச் சக்கரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வேலை வேண்டாம். இதையே போடு" என்று பாரம் குறைந்ததைக் காட்டினார்.

புதிய கிளச் படிந்து வரும்வரை சில வாரங்கள் காரை மென்மையாக ஓட்ட வேண்டும். அந்த வாரங்களை நேசமலர் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலைகளில், கடைகள் திறப்பதற்கு முன்னர், ஒரு வெறுமையான கார் தரிப்பிடம். வென்ட்வேர்த்வில் கடையில் வாங்கிய சின்னத் தேசிக்காய்களைப் பையில் கொண்டுபோவார். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் வைத்துவிட்டு ஏறி இருப்பார். கார் தும்மிவிட்டு நிற்கும். மறுபடியும் எடுப்பார். மறுபடியும் நிற்கும். வேகத்தைக் கூட்டினால் கார் துள்ளிப் பாய்ந்தது. குறைத்தால் அணைந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் மிக ஒடுக்கமானது. பாரமான சக்கரத்தோடு வாழ்ந்தபோது அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவர் தேடவேண்டி இருந்ததில்லை.

காவலாளி ஒருவர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். நேபாளத்தவர். பழங்களைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். தங்கள் ஊரிலும் வாகனத்துக்குப் பூசை உண்டு என்றும், ஆனால் ஒரு தரம் செய்தால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மெல்ல மெல்ல அந்த ஒடுக்கமான இடம் பிடிபட்டது. கிளச் கடிக்கத் தொடங்கும் புள்ளியில் காலை நிறுத்த வேண்டும், காதால் எஞ்சினைக் கேட்க வேண்டும், சக்கரம் பழத்தில் ஏறி இறங்கும்வரை காலை மேலே விடக்கூடாது. விட வேண்டும் என்ற ஆசை வரும். அதுதான் தவறு. நிற்பது குறையத் தொடங்கியது, பிறகு அரிதாகியது. முழங்கால் வீங்கியது. வீட்டுக்கு வந்து பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். வரதராஜா எங்கே போய்வருகிறீர் என்று கேட்கவில்லை. ஆனால் குளிர்பெட்டியில் பனிக்கட்டித் தட்டு ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. அதை நிரப்பியது நேசமலர் அல்ல.

பூசைக்குக் குறித்தது ஒரு சனிக்கிழமை காலை. கோயிலின் கார் தரிப்பிடத்தில் அன்று இன்னொரு வாகனமும் நின்றது. வரதராஜாவோடு தொண்டு செய்யும் ஈஸ்வரமூர்த்தி புதிதாக வாங்கிய வெள்ளை ஜீப். ஏழு பேர் இருக்கலாம். ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். ஈஸ்வரமூர்த்தி பிரேக்கில் இருந்து காலை எடுத்ததுதான். ஜீப் தானாக நகர்ந்து நான்கு பழங்களையும் நசித்துக்கொண்டு போய் நின்றது. அவர் இறங்கி வந்து எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்தது பச்சைக் கார். நேசமலர் உள்ளே இருந்தார். ஐயர் முன்மூடியில் சந்தனம் பூசும்போது அவருக்கு முன்னால் ஐயரின் வேட்டி மட்டும்தான் தெரிந்தது. தேசிக்காய்களை வைத்தது வரதராஜா. அவர் அவற்றை வீட்டிலிருந்து ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

தவறு அந்தப் பையில் இருந்தது. கடையில் விற்பது குளிரில் வைத்து எடுத்தது, சுவாமிக்கு எமது வளவில் காய்த்ததுதான் நல்லது என்பது வரதராஜாவின் எண்ணம். அவர்களுடைய பின்வளவில் அவர் வைத்த மரம் ஒன்று நிற்கிறது. இந்த நாட்டு வீடுகளின் பின்வளவில் காய்க்கும் இனம்தான். ஊர்த் தேசிக்காய்போல உருண்டையாய், மெல்லிய தோலோடு இராது. பொத்திய கையளவு பருமன், விரல் தடிப்பில் தோல், கல்லைப் போன்ற இறுக்கம். அன்று அதிகாலையில் அவர் மரத்தைச் சுற்றிவந்து, இருந்தவற்றுள் பெரிய நான்கைத் தெரிந்து பறித்திருந்தார். அவருடைய மனதில் அது கூடுதல் மரியாதை.

ஐயர் விலகிக் கையைக் காட்டினார். நேசமலர் காலைப் பழகிய இடத்துக்குக் கொண்டுவந்தார். கார் நகர்ந்தது, எதிலோ முட்டியது, தும்மியது, அணைந்தது.

பழகிய இடத்தில்தான் கால் இருந்தது. அது சின்னப் பழத்துக்கான இடம்.

கோயிலுக்குள் இருந்து வந்த நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. ஈஸ்வரமூர்த்தி, அக்கா கொஞ்சம் மிதிச்சுக் காஸ் குடுங்கோ என்று உதவி செய்யும் குரலில் சொன்னார். அவருடைய மனைவி அவருடைய கையைக் கிள்ளினார்.

வரதராஜா சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். பழம் நசியாமல், தோலில் ஒரு கறுப்புக் கோட்டோடு அப்படியே இருந்தது. அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. தான் வென்றுவிட்டதாக நினைத்த முகம் அல்ல. அவர் நேசமலரின் ஜன்னலடிக்கு வந்தார்.

"காய் பெரிசாப் போச்சு. என்ர பிழை, மலர். மூர்த்தியிட்டைச் சின்னன் மிச்சம் இருக்கு. மாத்தி வைக்கிறன், இன்னொருக்கா எடும்."

நேசமலர் கியரை நடுநிலைக்கு எடுத்தார்.

"நிண்டதை நான் கணக்கில எடுக்கேல்லை" என்றார் வரதராஜா, இன்னும் தாழ்ந்த குரலில்.

"மாத்த வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

"கால் நோகுதோ?"

"தள்ளி நில்லுங்கோ" என்றார் நேசமலர்.

அவர் எஞ்சினை உயிர்ப்பித்தார். இரண்டாம் தரம் செய்ததை அங்கே நின்றவர்கள் பார்த்தார்கள், ஆனால் என்ன பார்த்தார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எஞ்சினின் குரல் முன்பைவிட ஒரு படி மேலே ஏறி, அங்கேயே அசையாமல் நின்றது. கார் பழத்தில் சாய்ந்தது. நகரவில்லை, அணையவும் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம் எல்லாம் ஓர் இடது காலில் தங்கியிருந்தது. பிறகு நான்கு சக்கரங்களும் மெல்ல உயர்ந்தன. தோல் வெடிக்கும் சத்தம் கேட்டது. தேசிக்காய் மணம் பரவியது. சக்கரங்கள் ஏறி இறங்கின. கார் துள்ளவில்லை. உறுமவில்லை. நடந்துபோகிறவரின் வேகத்தில் போய், ஜீப்பின் பின்னால் நின்றது.

பாராட்டுச் சொற்களைச் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது நன்றாகச் செய்யப்பட்ட ஒரு காரியம்.

வீட்டுக்குப் போகும் வழியில் வரதராஜா மடியில் பிரசாதப் பையோடு இருந்தார். சென்ற முறை கார் உருண்ட அதே மேட்டில் விளக்கு சிவப்பாக இருந்தது. பச்சை விழுந்ததும் கார் சத்தமின்றி ஏறியது. கார் இருக்கட்டும், இனி அதைப் பற்றிக் கதைக்கமாட்டேன் என்றார் வரதராஜா. நேசமலர் கியர் மாற்றினார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்த வாரம் நேசமலர் காரைக் கழுவி, சந்தனத்தைத் துடைத்து, படம் எடுத்து, விற்பனைக்குப் போட்டார்.

வரதராஜா முதலில் நம்பவில்லை. பிறகு, நின்றால் விற்பது என்ற பேச்சைத் தான்தானே விட்டுக்கொடுத்தேன், இரண்டாம் தரம் ஏறியதுதானே என்று வாதாடினார். தன்னுடைய மரத்தையே குற்றம் சொன்னார். மெல்பேர்னில் இருந்து மகள் தொலைபேசி எடுத்துக் கதைத்தாள், அப்பா இப்படி அழுவாரைப் போல் கதைத்து ஒருநாளும் கேட்டதில்லை என்றாள். நேசமலர் சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். யோகேஸ்வரன் வீட்டுக்கே வந்தார்.

"வெண்டுபோட்டுத் தோக்கிறீங்களோ, அக்கா? விக்கிறதெண்டாலும் அந்தச் சக்கரத்தைக் கழட்டித் தாறன், பாரமானதைப் போட்டு விப்பம். வாங்கிற ஆள் லைட்டடியில நிண்டு எங்களைத் திட்டும்."

"கழட்ட வேண்டாம். வாங்கிறவரிட்ட என்ன போட்டிருக்கெண்டு சொல்லுவன்."

சொன்னார். வாங்க வந்தவர் பென்ரித்தைச் சேர்ந்த ஒரு நடுவயதுக்காரர். சக்கரத்தைப் பற்றி நேசமலர் சொன்னதைக் கேட்டு, ஓட்டிப் பார்த்தார், இரண்டு தரம் நிறுத்தினார், சிரித்தார், வாங்கினார். இவ்வளவு நல்ல நிலையில் ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது வரதராஜாவும் பக்கத்தில்தான் நின்றார். அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

நேசமலர் கூரையை மடக்குவது எப்படி என்று அந்த மனிதருக்குக் காட்டினார். பிறகு சாவியைக் கொடுத்தார்.